மனசாரக் கொடுத்த மோதிரம்

நவம்பர் 3, ஞாயிறு

நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த பெண் இன்று கேட்டாள்: "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா அக்கா?" ஆச்சு என்றேன். "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" ஒன்றும் பண்ணாததுதான் பிரச்சினை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்லவேளை, யாரோ தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

வீட்டுக்காரன் ஆன்ஷெலை விட்டு வந்து நாலு வருஷம். எங்கள் யூதச் சட்டப்படி விலக்குச் சீட்டை அவன் தன் கையால், தன் இஷ்டத்தோடு, என் கையில் வைக்க வேண்டும்; அதுவரை எனக்கு வேறு கல்யாணம் கிடையாது. வைக்க மாட்டேன் என்கிறான். குருமார்களான ரப்பிகள் கூப்பிட்டு அதட்டியும் பார்த்தார்கள். "நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இவ என் பொண்டாட்டி" என்று அவர்கள் முன்னாலேயே சிரித்தான். எனக்கு முப்பத்தாறு வயது ஆகிறது.

நவம்பர் 5, செவ்வாய்

திர்ஸாவைப் பார்த்தேன். ரப்பிகள் நீதிமன்றத்தில் எனக்காக வாதாடுகிறவள். புதிதாக ஒரு வழி சொன்னாள். சீட்டு வராவிட்டால், நடந்தது கல்யாணமே இல்லை என்று காட்ட வேண்டுமாம். "ஏதாவது ஒரு தப்பு நடந்திருக்கணும் மீரெல். சாட்சி ரெண்டு பேரும் எப்படிப்பட்டவங்க? மோதிரம் மாப்பிள்ளையோடதுதானே?"

மோதிரம்!

பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டு ஆன்ஷெல் எல்லாப் பையையும் தட்டிப் பார்த்தானே. மோதிரத்தை வேறு கோட்டில் விட்டுவிட்டு வந்திருந்தான். அம்மாதான் தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள். அடுத்த வாரம் அவனுடையது கிடைத்ததும் அம்மாவுடையதை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்றும் அவள் விரலில்தான் இருக்கிறது.

திர்ஸா நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டாள். மோதிரம் மாப்பிள்ளைக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். இரவல் மோதிரத்தில் கல்யாணக் கட்டு விழாது. "உங்கம்மா அதை இரவலாக் கொடுத்தாங்களா, அவனுக்கே கொடுத்துட்டாங்களா?"

தெரியவில்லை. முகத்திரைக்குள் எனக்கு என்ன கேட்டது?

நவம்பர் 6, புதன்

கல்யாண வீடியோவைப் போட்டு உட்கார்ந்தேன். மற்றவர்கள் கல்யாணத்தில் மீன் உப்பா, சூப் ஆறிவிட்டதா என்று குறை தேடுவார்கள். நான் என் கல்யாணத்திலேயே ஓட்டை தேடுகிறேன்.

சாட்சிகள் இருவரும் தங்கமானவர்கள். போய்த் தொலையட்டும். நான் ஆன்ஷெலைச் சுற்றி வருகிறேன், ஏழு சுற்று. அவனைச் சுற்றி நான் எழுப்பும் மதிலாம் அது. கல்யாண நாள் உபவாசம் வேறு, கால் பின்னுகிறது. வெள்ளைப் பாவாடை தரையில் புரளாமல் அம்மா நுனியைப் பிடித்தபடி பின்னாலேயே வருகிறாள். அப்புறம் அவன் பையைத் தட்டுகிறான். அம்மா மோதிரத்தை நீட்டுகிறாள், அவள் உதடு அசைகிறது. கிளாரினெட்காரன் ஊதித் தள்ளுகிறான், ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபது முறை போட்டுப் பார்த்திருப்பேன்.

கல்லோ வேலைப்பாடோ இல்லாத வழவழப்பான வளையம். இடைவெளி இல்லாத வாழ்வு என்று அதற்கு அர்த்தம் சொன்னார்கள். நாலு பக்கமும் திறந்த பந்தல், யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்றார்கள். வெளியே போகும் வழியைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

அம்மா ரொட்டி மாவைப் பின்னிக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"அன்னைக்கு என்ன சொல்லி அவன்கிட்ட மோதிரத்தைக் கொடுத்தே?"

"கேக்கிற இடத்துல சொல்லிக்கிறேன்."

"இரவலாக் கொடுத்தேன்னு சொன்னாப் போதும்மா. ஒரே ஒரு வார்த்தை."

அவள் பின்னலைப் பிரித்துவிட்டு முதலிலிருந்து பின்ன ஆரம்பித்தாள். அம்மா பின்னலில் தப்பு செய்து நான் பார்த்ததில்லை. பயமாக இருக்கிறது.

நவம்பர் 12, செவ்வாய்

முடிந்தது.

மூத்த ரப்பி நல்லவர். அதைத்தான் தாங்க முடியவில்லை. அவருக்கும் என்னை விடுவிக்கத்தான் ஆசை. சாட்சி சொல்ல வந்த அம்மாவிடம் கேட்டார்: "ஃப்ரூமாம்மா, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. தற்காலிகமாத்தானே கொடுத்தீங்க?"

"இல்ல ரப்பி. என் வீட்டுக்காரர் போட்ட மோதிரம். விரலை விட்டு வரல, எச்சில் தொட்டுக் கழட்டினேன். 'எடுத்துக்கோப்பா, இனிமே இது உன்னுது'ன்னு சொன்னேன்."

"திரும்பி வரும்னு மனசு ஓரத்துல எங்கயாவது நினைச்சிருப்பீங்க."

"நினைக்கல. மனசாரக் கொடுத்தேன்."

திர்ஸா தலை குனிந்துகொண்டாள். ரப்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். மூன்றாம் முறையும் கேட்டார். அதே பதில்தான். "அப்படின்னா கட்டு கட்டுதான்மா" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. அதை வைத்து நான் என்ன செய்ய?

ஊரில் எத்தனை கஞ்ச அம்மாக்கள் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தவள் கொடுத்தால் முழுசாகக் கொடுக்கிறவள்.

நவம்பர் 13, புதன்

வேலைக்குப் போகவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

ஓய்வுநாள் மெழுகுவர்த்தி ஏற்றும் நேரத்தில் சண்டை. ஏற்றியபின் சண்டை கூடாது, அதற்கு முன் கத்திவிட வேண்டும் என்றுதான் கத்தினேன் போல.

"பெத்த பொண்ணைவிட உனக்கு உன் வாய்தான் பெருசாம்மா? ஒரு வார்த்தைதானே கேட்டேன்!"

"அந்த வார்த்தையை நான் சொல்லியிருந்தா நீ வேற ஒருத்தனோட பந்தல்ல நிப்பே. குழந்தை பொறக்கும். ஊருக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமே. அடுத்தவன் பொண்டாட்டி பெத்த புள்ளை அது. நம்ம சட்டத்துல அதுக்கும் கல்யாணப் பந்தல் கிடையாது, அதோட புள்ளைகளுக்கும் கிடையாது. நானே போய் அந்தச் சாபத்தை அதுங்க தலையில வைக்கவா?"

"எந்தக் குழந்தைம்மா? எங்க இருக்கு அது? காட்டேன்!"

அவள் மெழுகுவர்த்திப் பக்கம் திரும்பினாள். தீக்குச்சியைக் கிழித்தாள், அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. நான் வாங்கி ஏற்றவில்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு யார் மேலும் இரக்கம் வரவில்லை, என் மேலும்கூட.

நவம்பர் 20, புதன்

பேச்சு இல்லை. உப்பு எங்கே என்று கேட்பதற்குப் பதில் உப்பில்லாமல் சாப்பிடுகிறோம். இப்படியே கிழவியாகி இப்படியே செத்துப்போவேன். கல்லறையிலும் ஆன்ஷெலின் மனைவி என்றுதான் எழுதுவார்கள்.

நவம்பர் 27, புதன்

தினமும் காலையில் அம்மா எங்கேயோ போகிறாள். திரும்பி வரும்போது செருப்பெல்லாம் மண். கேட்கவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

ஆன்ஷெல் போன் செய்தான். நாலு வருஷத்தில் முதல் தடவை. "உங்கம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? தினம் எங்க கட்டடத்தைச் சுத்திச் சுத்தி வருது. பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னல்ல நின்னு வேடிக்கை பாக்கிறாங்க. வந்து கூட்டிட்டுப் போ."

டிசம்பர் 3, செவ்வாய்

கூட்டிவரத்தான் போனேன்.

தூறல். கட்டடத்தின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கும் பூனைகளுக்கும் நடுவே, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி படி இறங்கிக்கொண்டிருந்தாள். மூட்டு வலிக்காரி. பதினெட்டு நாளாக அவளிடம் பேசாதவள் நான், என் வாய்தான் முதலில் திறந்தது.

"என்னம்மா பண்றே இங்க?"

"அவிழ்க்கிறேன்."

"எதை?"

"நீ இவனை ஏழு சுத்து சுத்தினியே, அதை. நீ போன பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாப் போறேன்."

"இது எந்தச் சாஸ்திரத்துல இருக்கு?"

"எதுலயும் இல்ல. சாஸ்திரத்துல இருக்கிறதையெல்லாம்தான் பாத்தாச்சே."

சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அம்மா நிற்கவில்லை. கோட்டு நுனி சேற்றில் இழுபட்டுக்கொண்டே போனது. இப்படியே விட்டால் தடுக்கி விழுவாள். குனிந்து பிடித்துக்கொண்டேன். பிடித்தபடி பின்னாலேயே நடந்தேன்.

முன்பக்கம் வந்தபோது ஆன்ஷெல் பால்கனியில் நின்றான். "எத்தனை நாளைக்குச் சுத்துவீங்க?" என்று கத்தினான். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாதடி, எண்ணிக்கை தப்பிடும்" என்றாள் அம்மா. "மூணு."

மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மறுபடி பின்பக்கப் படிகளை நோக்கித் திரும்பினோம்.