அப்பா தொடாத கடலை

அம்மா,

அடுப்பில் கடலை வெந்துகொண்டிருக்கிறது. வீடெல்லாம் அந்த வாசனை. ஆடி மாதத்தில் ஒருநாள் நீ தனியாக மேலூர்ப் பக்கம் போவாய். சாயங்காலம் ஒத்தக்கடையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, மஞ்சப்பை நிறையப் பச்சைக் கடலையோடு நடந்து வருவாய். நீ அவித்துக் கொடுப்பதை நான் தின்பேன். அப்பா மட்டும் ஒன்றைக்கூடத் தொட மாட்டார்.

"யார் வீட்டுக்கும்மா போன?" என்றால், "தெரிஞ்சவுக வீடு" என்பாய். அதோடு சரி. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த கதையில் குளிரைச் சொல்வாய், வறண்ட ரொட்டியைச் சொல்வாய். சண்டை நடந்த மாதங்களைத் தாண்டிவிடுவாய். அப்பா உன்னிடம் கேட்க மாட்டார். என்னிடம்தான், "உங்கம்மாவுக்கு மேலூர்ல அப்படி யாருடி இருக்கா?" என்பார். கல்யாணத்துக்கு முன் பட்டாளத்தில் பழகின ஆள் யாரோ என்று நானும் முடிவுகட்டியிருந்தேன். சந்தேகம் நீ கொடுத்த சீதனம்தானே. தலைவலி மாத்திரையைக்கூட வெளிச்சத்தில் பிடித்து, "எதுக்கும் ஒருதடவ படிச்சுப் பாத்துரு" என்றுதான் தருவாய்.

நேற்று அப்பா இல்லாத நேரத்தில் மஞ்சப்பை நிறையப் பச்சைக் கடலையோடு வயதான பெண் ஒருவர் வந்தார்.

"நர்சம்மா ஏன் இந்த வருசம் வரல?"

நீ இறந்துபோனதைச் சொன்னேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் மகன் சண்டையில் அடிபட்டு உன் வார்டில் இறந்தவனாம். லீவில் வந்த நீ வீடு தேடிப் போயிருக்கிறாய்.

"'கடைசிவரைக்கும் என்னய அக்கா அக்கான்னு கூப்பிட்டாரு, நான் பக்கத்துலயேதான் இருந்தேன்'னு நர்சம்மா சொல்லுச்சுத்தா. எம்மகன் என்னயத்தான் அக்கான்னு கூப்பிடுவான். அவன் வளந்தது எங்கப்பா வீட்டுல. என் தம்பிமாரு கூப்பிடுறதக் கேட்டு அப்படியே பழகிட்டான். அதச் சொன்னதும் நர்சம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. அதுலருந்து அவன் திதிக்கு வரத் தவறுனதில்ல."

அவர் போனபிறகும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. பெற்றவள் மனம் ஆறட்டும் என்று நீ கட்டிச் சொன்ன கதையோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பொய் சொல்கிறவளாக இருந்தால் 'அம்மா' என்று கூப்பிட்டதாகத்தானே சொல்லியிருப்பாய்? நீ 'அக்கா' என்றிருக்கிறாய். உன்னைத்தான் கூப்பிட்டான் என்று நம்பிக்கொண்டு போய், அந்தச் சொல்லை உரியவரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாய். அதை எங்களிடம் ஏன் சொல்லவில்லை? அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இன்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்துபோய் அந்த மஞ்சப்பைக்குள் பார்த்துவிட்டு வந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "அந்தக் கடலைய அவிச்சுக் கொண்டாம்மா" என்றார்.

வெந்துவிட்டது. அவருக்குக் கொடுப்பதற்கு முன் எதற்கும் ஒன்றை உரித்துத் தின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா.