நீலனுக்கு வைத்த தடுப்பு

மார்ச் 4
இவருடைய ஒர்க்‌ஷாப் நண்பர் பார்க்க வந்தார், பையில் ஒரு நீல ஃபைட்டர் மீனோடு. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஏற்கெனவே சிவப்பு ஒன்று இருக்கிறது. இரண்டும் ஆண். சேர்த்து விட்டால் கடித்தே கொன்றுவிடும்.
“நடுவுல தடுப்பு போட்டுக்கலாம். நானே வெட்றேன்” என்றார் இவர். பக்கவாதம் வந்து ஐந்து மாதம். இவராக ஒரு வேலையைக் கேட்டது இதுதான் முதல் தடவை.
நீலன் இப்போதைக்கு ஜாடியில்.

மார்ச் 7
பஸ் இன்ஜினையே பிரித்து மாட்டிய மனிதருக்கு, ஒரு சாண் பிளாஸ்டிக் தகட்டை இடது கையால் அறுக்க இரண்டு நாள். பிடித்துக்கொள்ளப் போனேன். “நீ கிட்ட வராத.”

மார்ச் 8
தண்ணீர் போய்வரத் துளைகள் போட்டு, பசை வைத்து ஒட்டிவிட்டார். “எப்படி?” என்று கேட்டபோது அந்த முகம் — எத்தனை மாதமாயிற்று பார்த்து!
தகடு கோணல். அடி மூலையில் ஒரு விரல் நுழையும். பார்த்தேன். “அம்சமா இருக்கு” என்றேன். அப்புறம் இவருக்குத் தெரியாமல் கூழாங்கல்லை அங்கே குவித்து அடைத்தேன். போதும்தானே?

மார்ச் 11
மீன்களை விட்டாயிற்று. ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 14
போதவில்லை. கல் சரிந்திருக்கிறது.
வேலை முடிந்து வந்தால், நீலன் தடுப்பைத் தாண்டி, சிவப்பன் இருந்த பக்கம் செத்து மிதக்கிறது. வால் இல்லை. சிவப்பனுக்கு ஒரு கண் போய்விட்டது. இவர் தொட்டி முன்னால் நாற்காலியில். வலையைத் தேடி எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.
“எங்கையால ஒரு தகடு கூட ஒழுங்கா நிக்கல பாரு.”
வலையை வாங்கி நீலனை அள்ளி எடுத்தேன்.

மார்ச் 19
கைக்குப் பயிற்சி கொடுக்க வருபவரை இன்றும் திருப்பி அனுப்பிவிட்டார். சாப்பாடும் பாதிதான்.

மார்ச் 20
சொல்லிட்டேன். தாங்க முடியல. அந்த இடைவெளியை அன்னைக்கே பார்த்தேன், உங்க மனசு நோகுமேன்னு விட்டுட்டேன்னு.
கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.
“இன்னும் எதெல்லாம் தெரிஞ்சுகிட்டே சொல்லாம இருக்க?”
என்ன செய்ய? டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதையும் சொன்னேன். வலது கை இனி வராது. இரண்டு மாதமாக எனக்குத் தெரியும்.
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 2
பயிற்சிக்காரர் மறுபடி வருகிறார். இனி இடது கைக்கு மட்டும்தான். இவர் என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.
காலையில் சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டார். கால் மணி நேரம் ஆனது. ஒரு பொத்தான் துளை மாறியிருந்தது.
“மாறிப்போச்சு” என்றேன்.
குனிந்து பார்த்தார். எல்லாவற்றையும் கழற்றினார். மேலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.