லூசியின் எச்சிலும் என் நாட்கணக்கும்

5-3-1984, திங்கள்
காலை 6.40க்கு லூசியிடம் பருவ இரத்தக்கசிவு கண்டேன். ஆகவே இன்று முதல் நாள். பதினொன்றாம் நாளான 15ஆம் தேதி கடலோரச் சாங்கிக்குக் கொண்டுபோய்த் தனசேகரனின் ஆண் பொமரேனியனுடன் சேர்க்க வேண்டும். சென்ற இரு பருவங்களிலும் இதே கணக்குதான். இரண்டிலும் குட்டி இல்லை. குறை அந்த ஆண் நாயுடையது. லூசிக்கு ஏழு வயது. இதுவே கடைசி வாய்ப்பு என்கிறார் மருத்துவர். என் மனைவி அல்போன்சம்மாள் விட்டுச்சென்றவற்றில் உயிருள்ளது இது ஒன்றுதான்.

7-3-1984, திருநீற்றுப் புதன்
அடுத்த வீட்டுச் சேக் தாவூதின் மகள் ஜரீனா, ஆய்வுக்கூடத்தில் நாய்களின் இனப்பெருக்கத்தை ஆராய்கிறாளாம் — எச்சிலைக் கொண்டு. எச்சிலின் புரதங்களைக் கோடுகளாகப் பிரிப்பாளாம். ஒரு கோடு தடித்தால் கருத்தரிக்கும் நாள் வந்துவிட்டதாம். "நிச்சயமா?" என்றேன். "அது தெரியத்தான் அங்கிள் ஆராய்ச்சி." தெரியாமைக்கும் இப்போது பட்டம் கொடுக்கிறார்கள்.

ஊசி குத்தமாட்டாள், பஞ்சால் வாயைத் துடைத்தெடுப்பாள் என்பதற்காக மட்டுமே சம்மதித்தேன். இன்றே தொடங்கினாள்; தினமும் காலை ஏழுக்கு வருவாள். அதற்குமுன் லூசிக்கு எதுவும் தரலாகாதாம். 6.30க்குப் பால் என்பது அல்போன்சம்மாள் வைத்த வழக்கம். தவக்காலம் எனக்கு, நாய்க்கு அன்று. கொடுத்தேன்.

8-3-1984, வியாழன்
வேலை முடிந்ததும் குழாயடியில் கை கழுவுகிறாள். தானே கொண்டுவந்த மண்ணால் ஒரு முறை, பிறகு வெறுந்தண்ணீரால் ஆறு முறை. ஜன்னலிலிருந்து எண்ணினேன். நாயின் எச்சிலுக்கு அவர்கள் மார்க்கத்தில் அதுதான் முறையாம்.
"கையுறைதான் போட்டிருந்தாயே?"
"அதுல ஓட்டை இருந்தா, அங்கிள்?"

12-3-1984, திங்கள்
ஏழு கழுவல், இன்றுவரை ஒன்றுகூடக் குறையவில்லை. கழுவிவிட்டு எச்சில் கோடுகளின் படம் ஒன்றை நீட்டினாள்.
"லூசிக்குப் பால் குடுத்தீங்களா அங்கிள்?"
"இல்லை."
"இந்தக் கோடு பசும்பாலோடது. நாய் எச்சில்ல இது வராதுலா."
ஆறு நாள் எச்சில் வீணாம். எழுபத்திரண்டு வயதில், தவக்காலத்தில், நாயின் வாய் எனக்கெதிராகச் சாட்சி சொல்கிறது.

13-3-1984, செவ்வாய்
பால், 6.30. வழக்கம்போல.

15-3-1984, வியாழன்
சாங்கி. லூசி தரையோடு உட்கார்ந்துகொண்டது. நெருங்கிய ஆண் நாயின் காதைக் கடித்தது. "சார், உங்க காலண்டரை அது படிக்கல போல" என்றான் தனசேகரன். முப்பத்தோராண்டு அஞ்சலகத்தில் தேதி முத்திரையைச் சரிபார்த்தவனிடம் இதைச் சொல்பவன் வீட்டில் இன்னும் ஜனவரி மாதம் தொங்குகிறது.

திரும்பும் வழியெல்லாம் லூசி என் மடியில் தூங்கியது. கணக்கு சரியாத்தானே இருந்துச்சு? மூணு தடவையும் சரியாத்தானே — அப்படியானால் குறை யாருடையது?

16-3-1984, வெள்ளி
பால் இல்லை. லூசி கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. ஜரீனாவிடம் வாசலிலேயே உண்மையைச் சொன்னேன். "தெரியும் அங்கிள்" என்றாள். ஏசியிருக்கலாம்.

21-3-1984, புதன்
பதினேழாம் நாள். 10.15க்கு ஆய்வுக்கூடத்திலிருந்து தொலைபேசினாள். "நேத்து எடுத்ததுல கோடு தடிச்சிருக்கு. இன்னைக்கே போங்க. தப்பாவும் இருக்கலாம்." தோல்விக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவைக்கும் விஞ்ஞானம். ஆயினும் போனேன். லூசி வாலை ஒதுக்கி அசையாமல் நின்றது. தனசேகரன் சிரித்தான். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

23-5-1984, புதன்
அறுபத்து மூன்றாம் நாள். பிற்பகல் 2.10 முதல் 3.25 வரை மூன்று குட்டிகள். ஒன்று பெண்.

இதனால் எனக்கு எச்சில் விஞ்ஞானத்தில் நம்பிக்கை பிறந்துவிட்டதென்று எவரும் கருத வேண்டியதில்லை. ஒரு நாய் நிரூபணம் ஆகாது. ஜரீனாவே அப்படித்தான் சொல்கிறாள். நாளைக் காலை ஏழுக்குக் குட்டிகளைப் பார்க்க வருகிறாள். குழாயடியில் ஒரு டப்பா மண் வைத்திருக்கிறேன். இருமுறை சலித்தது.