வந்தனா வீட்டுச் சிப்பி

நவம்பர் 5, செம்பூர்

இவருடைய புது மீன் இன்றைக்கும் பட்டினி. கடல் மீன். மஞ்சள் பட்டையும் ஊசி மூக்குமாகப் பார்க்க அழகுதான். கடைத் தீனி எதையும் தொடாது. உயிருள்ள சிப்பியைப் பிளந்து வைத்தால்தான் கொத்துமாம். "நம்மாத்துல சிப்பியா? வாசப்படி தாண்டி வரப்படாது" என்று சொல்லிவிட்டேன். காபி டம்ளரைக்கூடக் கழுவாத மனுஷன், "நானே திறந்துக்கறேன் ஷ்யாமி" என்று கெஞ்சினார். நான் மசியவில்லை.

நவம்பர் 8

மீன் சாப்பிட்டுவிட்டது. கீழ்வீட்டு வந்தனா சிப்பி திறந்து கொடுத்தாளாம். பாங்க் வேலை, கணவன் கப்பலில்.

நவம்பர் 12

ஆபீஸ் விட்டு வந்ததும் கிண்ணத்தோடு கீழே போய்விடுகிறார். நாலு சிப்பி திறக்க முக்கால் மணி நேரமா? சட்டை வேறு மாற்றிக்கொண்டு! என்னிடம் நாலு வார்த்தை கிடையாது. அங்கே சிரிக்கிற சத்தம் மாடிப்படி வரை கேட்கிறது. கேட்டுவிடலாமா? அல்பம் என்று நினைப்பார். சிப்பி வீட்டுக்குள் வரப்படாது என்று அனுப்பி வைத்தவளே நான்தானே.

நவம்பர் 16

அவர் தாணேக்குப் போன சமயம், மூக்கைப் பொத்திக்கொண்டு மார்க்கெட்டில் நானே சிப்பி வாங்கினேன். கத்தியால் ஓர் உயிரைப் பிளக்க மனசு வரவில்லை — அதனால் தானாகவே வாய் திறந்திருந்ததாகப் பார்த்துப் பொறுக்கினேன். மீன்காரி ஒரு மாதிரி பார்த்தாள். எல்லாவற்றையும் தொட்டியில் போட்டாயிற்று. இனிமேல் எதற்குக் கீழே போகிறார், பார்க்கலாம்.

நவம்பர் 17

தண்ணீர் வெள்ளையாகக் கலங்கி நாறுகிறது. மீன் மூலையில் சாய்ந்து கிடக்கிறது. ஐயோ, என்ன பண்ணிட்டேன்!

"எல்லாம் செத்த சிப்பி ஷ்யாமி. உயிரோட இருந்தா தொட்டவுடனே மூடிண்டுடும்" என்றார். அவ்வளவுதான். வாளி வாளியாக உப்பு கரைத்துத் தண்ணீர் மாற்றினார். திட்டியிருந்தால் தேவலை.

நவம்பர் 18

பிழைத்துவிட்டது. இவர் கிண்ணத்தை எடுத்தார். பிடுங்கிக்கொண்டு நானே கீழே போனேன். "முஜே சிகாவோ", எனக்குக் கற்றுக்கொடு என்றேன். வந்தனா கத்தியை என் கையில் வைத்து, "டரோ மத் ஆன்ட்டி", பயப்படாதீங்க என்றாள். பாவம்தான், ஆனாலும் திறந்தேன். பிறகு டீ கொடுத்தாள். இவரை அங்கிள் என்றுதான் சொல்கிறாள். கேட்க இதமாக இருந்தது.

நவம்பர் 25

இப்போதெல்லாம் தினமும் நான்தான் போகிறேன். இன்று படியேறி வந்தால், இவர் வாசலிலேயே நிற்கிறார்.

"நாலு சிப்பிக்கு ஒரு மணி நேரமா? அங்க அப்படி என்னடி பேச்சு?"

கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தேன். நாளைக்கு எந்தப் புடவை கட்டிக்கொண்டு போகலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.