பேக்கரியில் குடியேறிய நீர்நாய்கள்

அன்பு வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பிக்கைதான், ஆதாரம் இல்லை. இங்கே நான் நலம். உன் அப்பா தேவைக்கு மேலேயே நலம், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பார்க்கிறாள்.

நம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாய்க் கரையில் கான்கிரீட் சுவர் எழுப்பப்போகிறார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா, சுவர் வந்தால் அங்கே வளை வைத்திருக்கும் நீர்நாய்களுக்குப் போக்கிடம் இல்லை. அவை இருக்கின்றன என்று வரைபடத்தில் காட்டினால் நிறுத்தலாம், காட்டவேண்டியது எங்கள் அலுவலகத்தில் என் வரைபடப் பிரிவு. நீர்நாயைப் பார்த்தவர்கள் போனில் படம் எடுத்து அனுப்பினால் கணினி வரைபடத்தில் தானாகப் புள்ளி விழும், நீ அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்தாயே, அதே செயலிதான். தானாக நடக்கும் எதையும் நான் நம்புவதில்லை. சுவரைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு திறந்து பார்த்தால் கால்வாய் துடைத்துவிட்ட மாதிரி வெறுமை. பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பேக்கரியில் மட்டும் புள்ளி மேல் புள்ளி, அம்மை போட்டது போல. சுவர் கட்டும் பொறியாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மேடம், உங்க நீர்நாய்ங்க மீனை விட்டுட்டு பன்னுக்கு மாறிடுச்சா" என்றார்.

அனுப்பியது யார் என்று பார்த்தால் எல்லாம் உன் அப்பா. வீட்டுக்கு வந்து கேட்டதும் காது மடல் சிவந்தது. கரையில் சிக்னல் கிடைக்காதாம், காலை நடையில் படம் எடுத்து, நேரே பேக்கரிக்குப் போய் அங்கே உள்ள வைஃபையில் அனுப்புவாராம். அனுப்பிய இடத்தையே நீர்நாயின் முகவரியாக எழுதிக்கொண்டது அந்தச் செயலி. "சும்மா உக்காந்து வைஃபை எடுத்தா நல்லா இருக்காதேன்னு ஒரு கிரீம் பன் வாங்குவேன்" என்றார். சர்க்கரை நோய்க்காரரின் வாக்குமூலம் இது. தினமும் இவ்வளவு தூரம் நடந்தும் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று மருத்துவரும் நானும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம்.

நல்லவேளை, எடுத்த இடம் ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிவாகியிருந்தது. அதை வைத்துப் போட்டதும் புள்ளிகள் பேக்கரியைக் காலிசெய்துவிட்டுக் கரைக்குப் போய் உட்கார்ந்தன. அப்போதும் நம்பாமல் மறுநாள் விடியலில் அப்பாவோடு போனேன், சேற்றில் வழுக்கி விழுந்தேன், கையூன்றிய இடத்தில் மீன் செதில் கலந்த புது நீர்நாய் எச்சம். இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் தொட்டதில்லை. கூட்டத்தில், புள்ளிகள் எப்படி இடம் மாறின என்று கேட்டார்கள். அலுவலகத்தில் வீட்டுப் பேச்சே பேசாத நான், கணவர், சர்க்கரை, கிரீம் பன் எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று. மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொறியாளர், "அப்போ சுவரை பேக்கரிய சுத்திக் கட்டிடலாம் மேடம்" என்றார். வளைகள் உள்ள கரையில் சுவர் இல்லை என்று முடிவாகிவிட்டது.

நீ நன்றாக இரு, எடுத்த வேலை கைகூடட்டும், காலைச் சாப்பாட்டைத் தட்டாதே. மறக்காமல் அப்பாவுக்குப் போன் செய்து நாலு வார்த்தை கண்டித்து வை. செயலியில் உள்ள ஓட்டையை இன்னும் அடைக்கவில்லை, அதனால் வரைபடத்தைத் திறந்தால் பேக்கரியில் நேற்றைய தேதியில் ஒரு புள்ளி தெரியும். அவர் மேல் பாயாதே. அது நான் படம் எடுத்த நீர்நாய்க் குட்டி. அவர் சர்க்கரை இல்லாத தேநீர்தான் குடித்தார். பன் நான் தின்றது.

ஆசிகளுடன்,
அம்மா