குப்பைக்கிடங்குப் புகை

8.6.92 திங்கள்
சோளகக் காற்று, தென்மேற்கிலிருந்து ஒரே வீச்சு. சைக்கிள் செயின் மூன்று தரம் கழன்றது.

பிரதேச சபையின் குப்பை அள்ளும் உழவு இயந்திரத்துக்கு டீசல் இல்லை. சந்தைக் குப்பை மதில் உயரம். செயலாளர் கூப்பிட்டார். குப்பைக்கிடங்கைச் சின்னத்துரை முதலாளிக்குக் குத்தகைக்குக் கொடுக்கும் யோசனை. தன் மாட்டுவண்டில்களில் அள்ளுவார். பொறுக்குகிற போத்தல், இரும்பு எல்லாம் அவருக்கு. நாலு நாள் செய்து காட்டட்டும், வெள்ளி கூட்டத்தில் முடிவு.

"நீர்தானே ஓவசியர், துப்புரவைப் பாக்கிறவர். உம்மடை அபிப்பிராயமும் வேணும்."

எட்டாம் வகுப்போடு நின்றவனிடம் அபிப்பிராயம்! வீட்டில் மனைவி மங்கை, குழம்புக்கு உப்புப் போதுமா என்றுகூட என்னைக் கேட்பதில்லை.

9.6 செவ்வாய்
சந்தை துப்புரவு. முதலாளி கெட்டிக்காரன்தான்.

பின்னேரம் கிடங்கில் கரும்புகை. பழுதான வண்டி ரயரையும் பழைய மின்கம்பியையும் போட்டுக் கொளுத்துகிறார்கள், செம்பு எடுக்க. நாங்கள் கொளுத்துவதே இல்லை. கொட்டி மண் மூடுவோம். குண்டு போட பொம்பர் விமானம் வரத் தொடங்கிய பிறகு அது சட்டம் மாதிரி. புகை நேரே மகள் வதனியின் பள்ளிக்கூடக் கூரைக்கு மேலால் போகிறது.

"முதலாளி, உந்த நெருப்பை நூருங்கோ. மேலை இருந்து பாத்தால் தெரியும்."

"இனி என்ரை கிடங்கெல்லோ, ஓவசியர். மண் மூடினால் செம்பு முளைக்குமோ?"

வண்டில்காரர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

10.6 புதன்
ஹெலிகொப்டர். கிடங்குக்கு மேலே வட்டம். சுடவில்லை. நான் சைக்கிளோடு வாய்க்காலுக்குள். எழும்பினால் இடுப்புச் சாரம் அவிழ்ந்து முழங்காலில். அப்படியே பள்ளிக்கூடத்துக்கு ஓட்டம்.

பிள்ளைகள் பங்கர்க் குழியிலிருந்து வந்தார்கள். வதனி சிரிக்கிறாள். "அப்பா, ரீச்சர் வேறை ஆற்றையோ செருப்பைப் போட்டுக்கொண்டு நிக்கிறா!" அழுகை வந்தது. தடிமன், மூக்கு ஒழுகுது என்று சொல்லிச் சமாளித்தேன்.

மங்கை: "இஞ்சாருங்கோ, நாளைக்கு என்ரை பிள்ளையை விடமாட்டன்."
"மற்றப் பிள்ளையள்?"
"அதுக்குத்தானே உங்களுக்குச் சபையிலை சம்பளம்."

வாங்க: குளிக்கச் சவர்க்காரம் (இருந்தால்), விளக்குத்திரி, வதனிக்கு எழுதக் கொப்பி.

11.6 வியாழன்
இன்றும் புகை. குத்தகை வேண்டாம் என்று சொன்னால் சந்தை நாறும். வயிற்றோட்டம் ஏற்கெனவே இரண்டு தெருவில். கொடு என்றால் புகை. சோறு இறங்கவில்லை. "நீங்களே சோறு வேண்டாமெண்டால் நாட்டு நிலைமை மோசந்தான்" என்றாள் மங்கை. வதனி வீட்டில். வானத்தில் ஏதும் இரைந்தால் மேசைக்குக் கீழே முதல் ஆள் நான்.

12.6 வெள்ளி
கூட்டம். உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "குத்தகை எழுதினாப் பிறகு, நெருப்பை நூர் எண்டு சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கோ?" ஒருவருக்கும் தெரியவில்லை.

எழும்பினேன். "குப்பையைக் குடுப்பம். நெருப்பைக் குடாமல் விடுவம்."

முதலாளி: "கொளுத்தாட்டி எனக்கென்ன மிச்சம்? அப்ப உங்கடை குப்பையை நீங்களே வைச்சுக் கும்பிடுங்கோ."

பெரிய சத்தம். கடைசியில் முடிவு: குத்தகை அவருக்கு. ஓவசியர் அனுமதிக்கிற நாளில் மட்டும் கொளுத்தலாம். எல்லாருக்கும் திருப்தி. தோளில் தட்டினார்கள். வீட்டுப் படலையடிக்கு வந்தபிறகுதான் உறைத்தது: அந்த ஓவசியர் நான்.

15.6 திங்கள்
முகில் இல்லை. அதே காற்று. மங்கையைச் சமாளித்து வதனியைப் பள்ளிக்கு அனுப்பினேன்.

கிடங்கு வாசலில் முதலாளி. கையில் நெருப்புப்பெட்டி, வாயில் மரியாதை.

"ஐயா, இண்டைக்குக் கொளுத்தலாமோ?"

காது கொடுத்தேன். காகம். வண்டில் மாடு. பள்ளியில் பிள்ளைகள் தேவாரம். வேறொன்றுமில்லை.

"வேண்டாம்."
"ஏன், சத்தம் கேக்குதோ?"
"இல்லை."
"அப்ப?"

பள்ளிக்கூடக் கூரையைப் பார்த்தேன்.

"சரி, நாளைக்கும் வாறன்." நெருப்புப்பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டார். "ஒருநாளைக்கு ஓமெண்டு சொல்லித்தானே ஆகவேணும், ஓவசியர்."

அவருடைய வண்டில்கள் இன்று குப்பை அள்ளச் சந்தைக்குப் போகவில்லை.