ஸ்டெம்பல் அடிக்காத வெள்ளிக்கிழமைகள்

புதன், 12 நவம்பர்
பனிமூட்டம். எதிர்க் கட்டடத்தையே காணவில்லை. தொழிற்சாலையில் ஓடர் குறைவு. இந்த வாரத்திலிருந்து வியாழனும் வெள்ளியும் வேலை இல்லை. ஜேர்மன் மொழியில் இதற்குக் குர்ட்ஸ்ஆர்பைட் என்று பெயர். ஆட்களை நிறுத்தாமல் வைத்திருக்க, வேலை செய்யாத நாட்களின் சம்பளத்தில் பெரும்பகுதியை அரசாங்கம் கொடுக்கிறது. படுத்திருப்பதற்குச் சம்பளம்! ஊரில் ஓ.எல். சோதனை இரண்டு தரம் எடுத்தவனுக்கு இதைவிட என்ன உத்தியோகம் வேண்டும்.

நாளைய வேலைகள்:
- நித்திரை
- குளிர்கால ரயர் மாற்ற நாள் கேட்பது
- சலவை அறைத் திறப்பைக் கீழ்வீட்டு மனிசியிடம் கொடுப்பது (மூன்றாம் முறை ஞாபகப்படுத்திவிட்டா)
- நித்திரை

வியாழன், 13 நவம்பர்
நித்திரை நடக்கவில்லை. ஏழே காலுக்குச் சிவம் அண்ணையின் போன். தொழிற்சாலையில் எங்கள் பகுதிக்கு அவர்தான் பொறுப்பாளர். பதினாறு வருடத்துக்கு முன் எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவரும் அவரே.

"தம்பி, எழும்பீட்டியோ?"

"ஓம் அண்ணை." (ஒரு கண் மட்டும்.)

"ஒரு கை உதவி வேணும். வேலை இல்லையடாப்பா, உதவி. நாளைக்கு லொறி வருது, சாமான் முடியேல்லை."

"இண்டைக்கு எங்களுக்கு லீவெல்லோ?"

"அதுதான் சொல்லுறன், ஸ்டெம்பல் அடிக்காத. பின்கதவால வா. காரைக் கடைப்பக்கம் விட்டிட்டு வா."

போனேன். வேலை நேரம் பதியும் மெஷினில் அட்டை அடிக்காமல் ஆறு மணித்தியாலம் இரும்புத் துண்டுகளின் விளிம்புப் பிசிறுகளை அராவினேன். முதலாளி வந்து தோளில் தட்டி "ஸூப்பர்" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமை. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

வீட்டில் மனைவி வதனி: "நீங்கள் போகாட்டில் கொம்பனி விழுந்திடுமோ?"

"நான் அங்க தூண் மாதிரி."

"அப்ப தூண் இந்தக் குப்பையைக் கீழ கொண்டுபோய்ப் போடட்டும்."

போட்டேன்.

வெள்ளி, 14 நவம்பர்
இன்றும் போனேன். பகுதியில் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள், எல்லோரும் பின்கதவால். போர்த்துக்கல்காரன் மட்டும் வரவில்லை. "வீட்டில் இரு என்று அரசாங்கம் சொல்லுது, நான் சட்டத்தை மதிக்கிற ஆள்" என்று சொல்லிவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டானாம். எல்லோரும் சிரித்தோம். காருக்குள் ஏறியபிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் சிவம் அண்ணைக்கு எப்படி இல்லை என்பது? மகள் அபி பெரியபிள்ளையானபோது வைத்த சாமத்தியவீட்டுக்கு அந்த மனிதன் விடிய வந்து இரண்டு மூட்டை வெங்காயம் உரித்தவர். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, பின்னேரம் வரைக்கும். யாரும் கூலி பேசவில்லை. எங்கள் ஆட்களிடம் கொண்டாட்டமும் செத்தவீடும் அப்படித்தான் ஒப்பேறுகின்றன.

ரயர் மாற்றவில்லை.

ஞாயிறு, 16 நவம்பர்
வெயில். அபூர்வம். மத்தியானம் ஆட்டிறைச்சி.

அபிக்கு இப்போது பதினேழு. கணக்காளர் அலுவலகம் ஒன்றில் தொழில் பழகுகிறாள். சாப்பிடும்போது கேட்டாள்:

"அப்பா, நீங்கள் குர்ட்ஸ்ஆர்பைட்டில இருக்கேக்க வேலைக்குப் போறீங்களோ?"

"வேலை இல்லை. உதவி."

"எங்கட ஒபிஸுக்கும் அந்தப் பேப்பருகள் வாறது. நீங்கள் சும்மா இருந்தனீங்கள் எண்டு எழுதித்தான் கொம்பனி அரசாங்கத்திட்ட காசு எடுக்கும். மாசக் கடைசியில நீங்களும் கையெழுத்து வைப்பீங்கள்."

"எலும்பைப் பாத்துச் சாப்பிடு" என்றேன்.

பிறகு யோசித்தேன். அண்ணை வெங்காயம் உரித்த அன்று, அவர் வீட்டில் படுத்திருந்தார் என்று நான் ஒருவருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

வியாழன், 20 நவம்பர்
போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். கால் என்னைக் கேட்காமல் போகிறது.

வெள்ளி, 21 நவம்பர்
இடது கை, பெருவிரலுக்குக் கீழே, ஆழமான வெட்டு. கையுறை போடவில்லை. என் பிழை. அவசரப்படுத்தினார்கள். அவர்கள் பிழை. வலி மட்டும் முழுக்க எனக்கு.

அண்ணைதான் துணி சுற்றினார்.

"தம்பி, இண்டைக்கு நீ இஞ்ச வரேல்லை. விளங்குதோ? வீட்டில சமைக்கேக்க வெட்டினது."

வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்புவித்தேன். வதனி ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள்.

"சமைக்கேக்கயோ? கத்தி எந்த லாச்சியில இருக்கு எண்டு காட்டுங்கோ பாப்பம்."

காட்டினேன். இழுத்துப் பார்த்தால், அது கைதுடைக்கும் துணி வைக்கும் லாச்சி.

சனி, 22 நவம்பர்
கை வீங்கிவிட்டது. ஸ்டேஷனுக்குப் பக்கத்து மருத்துவ நிலையம் சனிக்கிழமையும் திறப்பு. அபியைக் கூட்டிப்போனேன். என் ஜேர்மன் மெஷினுக்குப் போதும், டொக்டருக்குக் காணாது.

இளம் பெண் டொக்டர். எப்படி நடந்தது என்று கேட்டார். நான் தமிழில் அபியிடம்: "வீட்டில பூசணிக்காய் வெட்டேக்க எண்டு சொல்லு."

அபி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டொக்டரைப் பார்த்து, அழகான ஜேர்மனில், ஒரு சொல் தடுமாறாமல் அதைச் சொன்னாள்.

டொக்டர் காயத்தைக் கழுவினார். சின்ன இடுக்கியால் எதையோ இழுத்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சுருண்ட இரும்புச் சீவல். நன்றாக மினுங்கியது. டொக்டர் மெதுவாக ஏதோ கேட்டார். அபி மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இல்லை. அந்தப் பூசணிக்காயை எங்கே வாங்கினேன் என்று கேட்டவர்.

நான் சுவரில் இருந்த கண்பார்வை சோதிக்கும் எழுத்து அட்டையை வாசித்தேன். கடைசி வரி வரைக்கும்.

"நீங்கள் சொல்வதைத்தான் நான் எழுத முடியும்" என்றார் டொக்டர். எழுதினார். நாலு தையல்.

வெளியே பஸ் தரிப்பில் அபி:

"நான் முந்தியும் பொய் சொல்லியிருக்கிறன் அப்பா. உங்களுக்கும் சொல்லியிருக்கிறன். ஆனா நீங்கள் கேட்டு நான் சொன்ன பொய் இதுதான் முதல்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, விஷயத்தை முடித்திருப்பேன்.

ஞாயிறு, 23 நவம்பர்
மழை. ஒரு கையால் சட்டைப் பொத்தான் பூட்ட இருபது நிமிடம். அபி தன் அறையில். கதவு திறந்துதான் கிடக்கிறது, உள்ளே போகத்தான் முடியவில்லை.

திங்கள், 24 நவம்பர்
கைக்கு இரண்டு நாள் ஓய்வு எழுதித் தந்திருக்கிறார்கள், இன்றும் நாளையும். காலையில் மருத்துவ நிலையத்துக்கு நானே போன் எடுத்தேன். சொல்ல வேண்டிய ஜேர்மனை முதலே ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். மூன்று வசனம். முதலாவதிலேயே தாளை விட்டுவிட்டேன்.

விபத்து வீட்டில் இல்லை. தொழிற்சாலையில். மன்னிக்கவும்.

மறுமுனையில் இருந்த பெண் திருத்தி எழுதினாள். வெள்ளிக்கிழமை உங்களுக்கு வேலை நாளா என்று கேட்டாள். என்னென்ன சொல்லலாம் என்று தேடினேன்.

"ஓம். வேலை செய்தனான்" என்று ஜேர்மனில் சொன்னேன். வினைச்சொல் வசனத்தின் எந்த மூலையில் போய் நின்றதோ தெரியாது. அவளுக்கு விளங்கியது.

வைத்தபின் வியர்வை. நவம்பரில்.

செவ்வாய், 25 நவம்பர்
பின்னேரம் அண்ணை வீட்டுக்கே வந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றார். வதனி தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டாள். வேண்டாமாம்.

"மருத்துவ நிலையத்தில இருந்து ஒபிஸுக்குக் கடிதம் வந்திருக்கு. என்ன வேலையடா பாத்தனீ?"

"உள்ளதைச் சொன்னன் அண்ணை."

"உன்னை நம்பித்தானே கூப்பிட்டனான்."

"நானும் உங்களை நம்பித்தான் வந்தனான்."

"உன்ரை வீட்டு அலுவலுக்கு நான் எப்பவாவது வராமல் விட்டனானோ?"

"இல்லை அண்ணை. அது எனக்குச் செய்தது. நான் இப்ப நாலு நாளும் ஆருக்குச் செய்தனான்? உங்களுக்கெண்டால் இண்டைக்கும் வருவன்."

அண்ணை வாசல் கதவைச் சாத்தினார். பிறகு குரலை இறக்கி: "எனக்கு அம்பத்தெட்டு. ஆக்களைக் கொண்டுவராட்டில் முதல் வேலையால போறது நீதான் எண்டு முதலாளி சொன்னது. இனி ஆர் என்னை எடுப்பான்?"

இதை அவர் முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் போயிருப்பேனா, விட்டிருப்பேனா? போயிருப்பேன். அதுதான் எனக்குப் பயம்.

புதன், 26 நவம்பர்
பனிமூட்டம். வேலைக்குப் போனேன். முன்கதவால். ஸ்டெம்பல் அடித்தேன்.

ஒன்பது மணிக்கு முதலாளியின் அறைக்கு வரச்சொன்னார்கள். அண்ணையும் அங்கே. முதலாளி கத்தவில்லை. கையைப் பற்றி விசாரித்தார், கோப்பி வேண்டுமா என்று கேட்டார். பிறகு மாதத் தாளை என் பக்கம் தள்ளினார். 13, 14, 20, 21: நான்கு நாளுக்கும் வேலை நேரம் பூச்சியம். கீழே கையெழுத்துக்குக் கோடு. வெள்ளியன்று நான் ஏதோ சாமான் எடுக்க வந்தேன், அப்போது கை வெட்டுப்பட்டது. அப்படிச் சொன்னால் எல்லோருக்கும் நல்லது என்றார். அண்ணையைத் தமிழில் விளங்கப்படுத்தச் சொன்னார்.

அண்ணை வாயைத் திறந்தார். "தம்பி..." என்றார்.

நான் பேனை கேட்டேன். முதலாளி தன்னுடையதைத் தந்தார், நல்ல பாரமான பேனை. பூச்சியங்களை வெட்டி, வேலை செய்த மணித்தியாலங்களை எழுதினேன். ஆறு. ஏழு. ஆறரை. கடைசி வெள்ளிக்கு நாலு, அதற்குப் பிறகுதான் கை வெட்டுப்பட்டது. எழுத்து கோணல், இடது கையால் தாளைப் பிடிக்க முடியவில்லை. பிறகு கையெழுத்து வைத்தேன்.

முதலாளி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதன் அர்த்தம் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். முழுக்கத் தெரியாது. இனி வேலை இருக்குமோ என்றும் தெரியாது. அபியிடம் கேட்க வேண்டும்.

எழும்பும்போதுதான் கண்டேன். மேசையில் இன்னொரு தாள், அண்ணையின் பெயரில். அதிலும் அதே நான்கு பூச்சியம். கையெழுத்து இன்னும் இல்லை. பேனையை முதலாளியிடம் கொடுக்காமல் அந்தத் தாளின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.